மூன்றாம் கிழமையோடு நின்றுவிடுகிறது: உடற்பயிற்சியை விடாமல் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பரந்தன்_சந்தி
ஓகஸ்ட் 11, இரவு 9.20

வணக்கம். கன நாளாக மனதில் கிடக்கிற விஷயம், இன்றைக்குத்தான் எழுத முடிந்தது.

எனக்கு 38 வயது. கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை, காலை எட்டரை தொடக்கம் பின்னேரம் நாலேகால் மட்டும் கதிரைதான். போன மாதம் இரத்தம் சோதித்தபோது வெறுவயிற்றுச் சீனி 112 என்று வந்தது. டொக்டர் குளிசை எழுதவில்லை. எல்லைக்கு வந்துவிட்டீர், இன்னும் தாண்டவில்லை, நடவும், சோற்றைக் குறையும், மூன்று மாதத்தால் வந்து காட்டும் என்றார். என்னுடைய அப்பாவுக்குச் சீனி வருத்தம். 2016 இல் அவருடைய இடது காலில் பெருவிரலை எடுத்தார்கள். விடிய விடிய அந்தப் புண்ணைக் கழுவி மருந்து கட்டினது நான்தான். அதனால் அந்த 112 ஐப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

தொடங்குவது எனக்குப் பிரச்சினையே இல்லை, நாலு தரம் தொடங்கிவிட்டேன். முதல் தரம் விடிய ஐந்து மணிக்கு ஏ9 வீதியில் ஓடினேன், நாய்கள் விடவில்லை, ஒரு நாள் இருட்டில் வீதியில் படுத்திருந்த மாட்டோடு மோதப் பார்த்தேன், அதோடு சரி. இரண்டாம் தரம் ஜிம்முக்கு மூன்று மாதக் காசு கட்டி பதினெட்டு நாள் போனேன். மூன்றாம் தரம் போனில் காலடி எண்ணுகிற செயலி, ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்று வைத்துக்கொண்டு ஆறாயிரம் ஏழாயிரத்தில் நின்று மனம் சலித்து விட்டேன். நாலாம் தரம் மனைவியோடு பின்னேர நடை. மகனுக்கு ரியூசன் தொடங்கினதும் ஏற்றி இறக்குகிற வேலையில் அதுவும் போச்சு. எல்லாமே மூன்றாம் கிழமை அளவில்தான் நின்றது. இடையில் 2022 இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் மட்டும் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தேன். அப்போது உடம்பு நல்லாக இருந்தது, பெற்றோல் வந்ததும் அதுவும் முடிந்தது.

வருடக்கணக்காக விடாமல் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். அந்த மனத்தை எப்படி வைத்திருக்கிறீர்கள்? மனம் வைத்தால் எல்லாம் முடியும் என்று மட்டும் எழுதாதேங்கோ, மனம் வைத்துத்தான் நாலு தரமும் தொடங்கினேன்.

வவுனிக்குளத்தார்
ஓகஸ்ட் 11, இரவு 10.05

தம்பி, எனக்கு 57 வயது, விவசாயம். உடற்பயிற்சி என்று தனியாகச் செய்தது இல்லை, செய்யத் தேவையும் வந்தது இல்லை என்றுதான் மூன்று வருடம் முன்பு மட்டும் நினைத்திருந்தேன். பிறகு எனக்கும் பிரசர் பிடித்தது. கிளினிக்கில் மிஸ்ஸி என்ன வேலை செய்கிறீர்கள் ஐயா என்று கேட்க வயல் என்றேன். ஒரு நாளில் என்னென்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டார். அப்போதுதான் யோசித்தேன். உழுவது உழவு இயந்திரம், வெட்டுவது வெட்டு மெஷின், மூட்டை தூக்கக் கூலிக்கு ஆள். நான் மோட்டார் சைக்கிளில் போய் வரம்பில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். என்னுடைய ஐயா இதே வயலில் உடம்பால் செய்த வேலையில் காற்பங்கு நான் செய்வது இல்லை.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியில் பெற்றோல் எங்கே இருந்தது? மல்லாவியிலிருந்து புதுக்குடியிருப்புக்கு சைக்கிளில் போவோம், கரியரில் அரிசி மூட்டை இருக்கும். அதை யாரும் உடற்பயிற்சி என்று சொன்னது இல்லை. பசியும் பயமும் நிறைந்த காலம் அது, திரும்ப வர வேண்டாம். ஆனால் அப்போது ஊக்கம் வேண்டும் என்று யாரும் தேடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஓமந்தை_ஓட்டம்
ஓகஸ்ட் 12, காலை 6.48

நான் உடற்கல்வி ஆசிரியர், பதினொரு வருடமாகப் பிள்ளைகளைப் பயிற்றுகிறேன். பரந்தன் அண்ணை, உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் பதிவுக்குள்ளேயே இருக்கிறது. நாலு முயற்சியையும் விரிவாக எழுதிவிட்டு, 2022 ஐ இரண்டு வரியில் கடந்து போய்விட்டீர்கள். அந்த மாதங்களில் எத்தனை நாள் தவறவிட்டீர்கள்? அனேகமாக ஒரு நாளும் இல்லை. அப்போது உங்களுக்கு இப்போதையைவிடக் கூட ஊக்கம் இருந்ததா? இருந்திருக்காது, வரிசையில் நின்று களைத்த காலம் அது. சைக்கிள் ஓட்டுவது வேலைக்குப் போகிற காரியத்துக்குள் இருந்தது, அவ்வளவுதான். போகலாமா விடலாமா என்று விடிய எழும்பி யோசிக்க இடமே இருக்கவில்லை.

ஊக்கம் என்பது மழை மாதிரி, வரும், போகும். அதை நம்பி விதைக்கலாம், ஆனால் பயிர் காப்பாற்றக் குளத்துத் தண்ணீர் வேண்டும். ஒரு நாளில் ஏற்கனவே மாறாமல் நடக்கிற ஒன்றோடு பயிற்சியைக் கட்டிவிடுவதுதான் அந்தக் குளம். இது என்னுடைய கருத்து மட்டும் இல்லை. 2002 இல் பிரித்தானியாவில் 248 மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்த்த ஒரு ஆய்வு இருக்கிறது. ஒரு கூட்டத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கூட்டத்துக்கு இருதய நோய், உடற்பயிற்சியின் நன்மை எல்லாம் விளக்கினார்கள். மூன்றாம் கூட்டத்துக்கு அதே விளக்கத்தோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்று எழுதவும் சொன்னார்கள். ஒன்றும் சொல்லாத கூட்டத்தில் 38 சதவீதம் பேர் பயிற்சி செய்தார்கள், விளக்கம் கேட்டவர்களில் 35, எழுதினவர்களில் 91. விளக்கம் மட்டும் கேட்டவர்கள் ஒன்றும் கேட்காதவர்களைவிடக் கூடச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். பயம் காட்டினால் ஆள் அசையும் என்று நாங்கள் நினைப்பது அவ்வளவு சரி இல்லை. உங்களுக்கும் 112 என்ற பயம் தொடக்கி வைக்கும், தொடர்ந்து கொண்டுபோகாது.

மூன்றாம் கிழமையில் நிற்கிற விஷயத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை 12 கிழமை பார்த்தார்கள். ஒரு காரியம் யோசிக்காமல் தானாக நடக்கிற பழக்கமாக மாற நடுக்கணக்கில் 66 நாள் எடுத்தது, ஆளுக்கு ஆள் 18 நாள் தொடக்கம் 254 நாள் வரை வித்தியாசம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அதை நம்பினவர்தான் மூன்றாம் கிழமையில், எனக்கு இன்னும் பஞ்சியாக இருக்கிறதே, நான் இதுக்குச் சரிவராத ஆள் போல என்று விட்டுவிடுகிறார். நீங்கள் நாலு தரமும் பாதி வழிக்கு முன்பே திரும்பியிருக்கிறீர்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் கண்டார்கள், இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

பரந்தனிலிருந்து கிளிநொச்சி ஐந்து கிலோமீற்றர் அளவுதானே? சைக்கிள் இன்னும் வைத்திருக்கிறீர்களா?

முள்ளியவளை_ரீச்சர்
ஓகஸ்ட் 12, மாலை 4.30

ஓமந்தைத் தம்பி சொன்னது உண்மை, ஆனால் அது ஆண்களுக்குச் சுகமாகச் சொல்லக்கூடியது. பெண்கள் விஷயம் வேறு என்பதையும் எழுத வேண்டும்.

எனக்கு 46 வயது. நான் முதல் முதல் பின்னேரம் சப்பாத்துப் போட்டு வீதியில் நடந்தபோது எதிரே வந்த ஒவ்வொருவரும் எங்கே ரீச்சர் போகிறீர்கள் என்று கேட்டார்கள். சும்மா நடக்கிறேன் என்றால் அவர்களுக்கு விளங்கவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஏறுங்கோ இறக்கிவிடுகிறேன் என்ற பழைய மாணவர்களும் உண்டு, அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் பத்து நாளில் எனக்கு வீதிக்கு இறங்கவே கூச்சமாகிவிட்டது. விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து வளவுக்குள் தொடங்கினேன். படலையிலிருந்து கிணற்றடி மட்டும் நாற்பத்திரண்டு கவடு. போய்த் திரும்பினால் எண்பத்திநாலு. இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு, கோப்பை கழுவ முன்பு, பத்து நிமிடம் நடப்பேன். கழுவின பிறகு என்று வைத்தால் நடக்காது, கை ஈரம் துடைத்ததும் கதிரை கூப்பிடும். அதனால் கோப்பைகள் தொட்டியில் கிடக்கும், நான் நடப்பேன். இப்போது மூன்றரை வருடம். முதல் வருடத்தில் மா மரத்தின் கீழே ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது, புல் முளைக்காது. அந்தப் பாதையைப் பார்த்தாலே கால் தானாகப் போகும்.

இருட்டில் நடக்கிறவர்கள் முற்றத்தைப் பின்னேரமே கூட்டி விடுங்கள், ரோச் இல்லாமல் இறங்க வேண்டாம். எங்கள் பக்கம் பாம்பு சாதாரணம்.

என்னுடைய அம்மாவின் கதையையும் சொல்கிறேன். அவர் 61 வயதில் கதிர்காமப் பாதயாத்திரைக்கு எங்கள் ஊரால் போன கூட்டத்தோடு சேர்ந்து நடந்தார். அதுக்காக ஐந்து மாதம் ஒவ்வொரு நாளும் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்துபோய் வந்தவர், நாங்கள் மறித்தும் நிற்கவில்லை. காடும் கடற்கரையுமாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து கதிர்காமம் சேர்ந்தார். திரும்பி வந்த பிறகு நடையை ஒரே அடியாக விட்டுவிட்டார். நேர்த்தி முடிந்தது, நடையும் முடிந்தது. ஒரு இலக்கு ஆளை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதையும், இலக்கு முடிந்ததும் எப்படி வெறுமையாகும் என்பதையும் நான் வீட்டிலேயே பார்த்தேன். பரந்தன் தம்பி, உங்களுக்கு மூன்று மாதத்தில் இரத்தச் சோதனை. அந்தச் சோதனைக்காக மட்டும் செய்தீர்களென்றால் அடுத்த நாளே நின்றுவிடும், அதைக் கவனியுங்கோ.

மாங்குளம்_தாதி
ஓகஸ்ட் 12, இரவு 8.15

ரீச்சர் அக்காவின் பத்து நிமிடத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 41 நீரிழிவுக்காரரை வைத்து 2016 இல் வெளியிட்ட ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடப்பதைவிட ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி 12 சதவீதம் குறைவாக இருந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம். காரணம் பெரிய மர்மம் இல்லை. சாப்பிட்டதும் இரத்தத்தில் சீனி ஏறுகிற நேரத்தில் தொடைத் தசைகள் வேலை செய்தால் அவை அந்தச் சீனியை எடுத்து எரிக்கும். சோறும் புட்டும் சாப்பிடுகிற எங்களுக்கு இது மிகவும் பொருத்தம்.

பரந்தன் அண்ணா, 112 என்று பயந்திருக்கிறீர்கள். 100 தொடக்கம் 125 மட்டும் உள்ளது நீரிழிவின் முன்நிலை, அங்கேயிருந்து திரும்பலாம். அமெரிக்காவில் இப்படி முன்நிலையில் இருந்தவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2002 இல் வந்தது. கிழமைக்கு 150 நிமிட நடையும் உடல் நிறையில் 7 சதவீதக் குறைப்பும் என்று இலக்கு வைத்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெற்போமின் என்ற நீரிழிவுக் குளிசை கொடுத்த கூட்டத்தில் 31 சதவீதம்தான். உங்களுக்கு டொக்டர் குளிசை எழுதாமல் நடக்கச் சொன்னது உங்களைக் கவனிக்காமல் இல்லை, இந்தக் கட்டத்தில் அதுதான் பலமான மருந்து.

150 ஐ ஏழால் பிரித்தால் நாளுக்கு 22 நிமிடம் கூட வராது. இதைப் பத்துப் பத்தாக உடைத்தும் செய்யலாம். முந்தி, தொடர்ந்து 10 நிமிடமாவது இருந்தால்தான் கணக்கு என்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலில் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். கதைக்க முடியும் ஆனால் பாட முடியாது, அந்த வேகம் போதும். அதோடு கிழமைக்கு இரண்டு நாள் தசைக்குப் பலம் கொடுக்கிற ஏதாவது.

வாசிக்கிற மற்றவர்களுக்கும்: இன்சுலின் போடுகிறவர்கள், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் மாதிரிச் சீனிக் குளிசை எடுக்கிறவர்கள் வெறுவயிற்றில் நீண்ட நேரம் நடக்கக்கூடாது, சீனி கீழே இறங்கித் தலை சுற்றும், கை நடுங்கும், வியர்க்கும். சேர்ட் பொக்கற்றில் நாலு டொபி வைத்திருங்கள். கால் விறைப்பு உள்ளவர்கள் பாட்டாச் செருப்போடு நடக்க வேண்டாம், சப்பாத்தும் மேசும் போட்டு, வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் நில்லுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏ9 இல் விடியச் சைக்கிள் என்றால் பின்னால் சிவப்பு வெளிச்சம் இல்லாமல் போக வேண்டாம். கொழும்பு பஸ் வருகிற வேகத்தையும், பிறகு எங்களிடம் கொண்டுவருகிற ஆட்களையும் பார்க்கிறவள் நான்.

புளியங்குளம்24
ஓகஸ்ட் 12, இரவு 9.02

கலண்டரில் செய்த நாளைக் கோடு போடுவது எனக்குப் பெரிய உதவி. தொடர்ச்சியாக 71 நாள் வந்தது. 72 ஆம் நாள் காய்ச்சல், கோடு அறுந்தது, பிறகு ஒன்றரை மாதம் எதுவுமே செய்யவில்லை. அறுந்ததைப் பார்க்கவே மனம் வரவில்லை. யாருக்காவது இப்படி நடந்ததா?

முத்தையன்கட்டு_நடை
ஓகஸ்ட் 13, காலை 7.10

புளியங்குளம், எனக்கு நடந்தது. வேறு காரணத்தால்.

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, 2009 இல் போனது. செயற்கைக் கால்தான். பொய்க்காலோடு ஒரு கிலோமீற்றர் நடக்கிற ஆளுக்கு மற்றவர்களைவிடக் கூடச் சக்தி செலவாகும், கூட வியர்க்கும், வன்னிக் கோடையில் கேட்கவே வேண்டாம். உறைக்குள்ளே வியர்வை தேங்கினால் தோல் மெதுத்து உரசும், உரசினால் புண், புண் வந்தால் கிழமைக்கணக்கில் காலைப் போட முடியாது. அதோடு காலையில் வீங்கியிருக்கிற மொட்டைக்கால் பகல் போகப்போகச் சுருங்கும், அப்போது பொய்க்கால் தளரும், இடையில் இன்னொரு மேசு போட்டு இறுக்க வேண்டும். நான் சின்னத் துவாய் ஒன்று கொண்டுபோவேன். குளக்கட்டில் பாதி தூரத்தில் ஒரு மருத மரம், அதன் வேரில் இருந்து காலைக் கழற்றி, துடைத்து, காற்றுப் பட வைத்து, மேசு மாற்றித் திரும்பப் போடுவேன். ஐந்து நிமிடம். குளத்தில் கொக்கு நிற்கும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் வருடங்களில் தோல் சிவந்த நாள்களில் இன்றைக்கு முடியாது என்று படுத்துவிடுவேன். ஒரு நாள் இரண்டு நாளாகும், பிறகு தோல் ஆறினாலும் நான் எழும்ப மாட்டேன். அதை மாற்றினது ஒரே ஒரு விஷயம். கெட்ட நாளுக்கென்று வேறு பயிற்சி ஒன்றை முன்கூட்டியே தீர்மானித்து வைத்தேன். கால் போட முடியாத நாளில் அதே நேரத்துக்கு விறாந்தையில் பாய் போட்டு, ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானை இரண்டு கையாலும் மாறிமாறித் தூக்குவேன், கவிழ்ந்து படுத்துத் தொடையைப் பின்னால் உயர்த்துவேன். பதினைந்து நிமிடம். உடம்புக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதைவிட, நான் நடக்கிற அந்த ஆறு மணி என்னுடைய ஆறு மணியாகவே இருக்கிறது.

கோடு போடுகிறவர்கள் நல்ல நாளுக்கு ஒரு நிறம், கெட்ட நாளுக்கு இன்னொரு நிறம் என்று போட்டுப் பாருங்கள். காய்ச்சல் நாளில் கட்டிலில் இருந்து கையை நாலு தரம் உயர்த்தினாலும் அது கெட்ட நாள் நிறம், அறுந்த கோடு இல்லை.

காட்டுக்கரையில் நடக்கிறவர்களுக்கு ஒரு சொல். கண்ணிவெடிச் சிவப்புப் பலகை உள்ள இடத்தில் பாதையைவிட்டு ஒரு கவடும் இறங்க வேண்டாம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் விடியப்புறம் யானையும் வரும். குளக்கட்டு வெளித்த பிறகு போங்கள்.

ஓமந்தை_ஓட்டம்
ஓகஸ்ட் 13, காலை 7.55

முத்தையன்கட்டு அண்ணை, இதை நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாமா? பெயர் சொல்ல மாட்டேன்.

முத்தையன்கட்டு_நடை
ஓகஸ்ட் 13, காலை 8.20

காட்டுங்கோ தம்பி.

பரந்தன்_சந்தி
ஓகஸ்ட் 14, இரவு 10.12

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். 2022 பற்றி ஓமந்தைத் தம்பி கேட்டது என்னை உலுக்கிவிட்டது. உண்மைதான், ஒரு நாளும் தவறவில்லை.

சைக்கிள் இருக்கிறது. பழைய லுமாலா, மாட்டுக் கொட்டிலில் சாய்த்து வைத்தது, இரண்டு ரியூப்பும் போய்விட்டது, செயின் துரு. நாளைக்குச் சந்தியில் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோகிறேன். ஆனால் ஒரு கேள்வி. அலுவலகத்துக்கு வியர்த்து வடிய எப்படிப் போவது? 2022 இல் எல்லோரும் அப்படித்தான் வந்தார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. இப்போது நான் மட்டும்.

வவுனிக்குளத்தார்
ஓகஸ்ட் 15, காலை 5.40

சேர்ட்டைப் பையில் கொண்டுபோ. பெனியனோடு ஓடு. ஏழு மணிக்குள் வெளிக்கிட்டால் வெய்யில் ஏறாது. போய்ச் சேர்ந்து முகம் கழுவித் துடைத்து சேர்ட்டைப் போடு. ஓகஸ்டில் போகும்போது எதிர்க்காற்று இருக்கும், சோளகம் இன்னும் நிற்கவில்லை. முதல் கிழமை அதனோடு சண்டை பிடிக்காதே, ஆறுதலாக மிதி. திரும்பி வரும்போது அதே காற்று உன்னை வீட்டில் கொண்டுவந்து விடும்.

முள்ளியவளை_ரீச்சர்
ஓகஸ்ட் 15, மாலை 5.05

மகனுடைய ரியூசன் எத்தனை மணிக்கு? பிள்ளையை இறக்கிவிட்டு முடியும் மட்டும் மோட்டார் சைக்கிளில் இருந்து போன் பார்க்கிற தகப்பன்மாரை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். அந்த ஒரு மணித்தியாலத்தில் அந்த ஒழுங்கையைச் சுற்றி நடக்கலாம். உங்கள் நடையை நிறுத்தினது ரியூசன் என்றீர்கள், அந்த ரியூசனிலேயே நடையைக் கட்டுங்கோ.

மாங்குளம்_தாதி
ஓகஸ்ட் 15, இரவு 9.30

பத்தாயிரம் அடி பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அது மருத்துவம் கண்டுபிடித்த எண் இல்லை. 1964 தோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு, 1965 இல் யப்பானில் ஒரு கம்பனி விற்ற அடி எண்ணுகிற கருவியின் பெயரே பத்தாயிரம் அடி மானி. அந்தப் பெயர் உலகமெல்லாம் பரவிவிட்டது. 2019 இல் வயதான பெண்கள் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 4,400 அடி அளவிலேயே இறப்பு ஆபத்து நல்லாகக் குறையத் தொடங்கியது, 7,500 அளவில் மேற்கொண்டு குறைவது நின்றுவிட்டது. பரந்தன் அண்ணா, நீங்கள் ஆறாயிரம் ஏழாயிரம் நடந்துவிட்டுத் தோற்றுப்போனேன் என்று செயலியை அழித்திருக்கிறீர்கள். எனக்கு அது மனவருத்தமாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

பரந்தன்_சந்தி
ஒக்ரோபர் 24, இரவு 8.50

திரும்ப வந்து எழுதுகிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் எழுத வேண்டும்.

ஓகஸ்ட் 18 இல் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கினேன். இன்றோடு வேலை நாள் நாற்பத்தைந்துக்கு மேல். ஆறு நாள் தவறியது, இரண்டு நாள் கொழும்புப் பயணம், ஒரு நாள் செத்தவீடு, மற்றது காய்ச்சல். முதல் இரண்டு கிழமை தொடை நோவு, வவுனிக்குளத்து ஐயா சொன்ன எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரித்தான் இருந்தது. மூன்றாம் கிழமை வழமைபோல வந்தது. செப்டெம்பர் 9, எனக்கு நாள் கூட ஞாபகம், விடிய எழும்பியதும் மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது மனைவி என்னுடைய சேர்ட்டை மடித்துச் சைக்கிள் பையில் வைத்து, பையைக் கரியரில் கட்டிக்கொண்டிருந்தா. எதுவும் சொல்லவில்லை. நான் திறப்பைத் திரும்ப ஆணியில் கொழுவிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

ரியூசன் ஒழுங்கை நடையும் நடக்கிறது, செவ்வாயும் வியாழனும். இப்போது இன்னும் இரண்டு தகப்பன்மார் கூட வருகிறார்கள். ஒருவருக்கு என்னைவிடச் சீனி கூட, அவரிடம் டொபி விஷயத்தைச் சொன்னேன்.

சோதனை அடுத்த கிழமை. இப்போதைக்கு எனக்கு வேறு கவலை. மழை தொடங்கிவிட்டது. நேற்று நனைந்துபோய்ச் சேர்ந்தேன். இனி மார்கழி மட்டும் இப்படித்தான். இவ்வளவு நாள் கட்டினது இந்த மாரியில் கரைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

முத்தையன்கட்டு_நடை
ஒக்ரோபர் 24, இரவு 9.15

கெட்ட நாள் பயிற்சி வைத்திருக்கிறீர்களா தம்பி?

பரந்தன்_சந்தி
ஒக்ரோபர் 24, இரவு 9.18

இல்லை அண்ணை. அப்போது வாசித்தேன், எனக்கு வேண்டியிருக்காது என்று நினைத்துவிட்டேன்.

முத்தையன்கட்டு_நடை
ஒக்ரோபர் 24, இரவு 9.40

சரி, இப்போது வைப்போம். மழை கொட்டுகிற நாளில் மோட்டார் சைக்கிளிலோ பஸ்ஸிலோ போங்கள், அதுக்காகக் குற்றம் பிடிக்க வேண்டாம். ஆனால் நீங்கள் சைக்கிளில் வெளிக்கிடுகிற அதே நேரத்துக்கு, அதே பெனியனோடு விறாந்தைக்கு வாருங்கள். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது, 15 தரம். சுவரில் கை வைத்துத் தள்ளுவது, 15 தரம். விறாந்தைப் படி ஒன்றில் ஏறி இறங்குவது, இரண்டு நிமிடம். இதையே மூன்று சுற்று. தாதித் தங்கச்சி கிழமைக்கு இரண்டு நாள் தசைக்கு என்று சொன்னாவே, கோடையில் நீங்கள் அதைச் செய்திருக்க மாட்டீர்கள். மாரி உங்களுக்கு அதைச் செய்து தருகிறது.

மாங்குளம்_தாதி
ஒக்ரோபர் 24, இரவு 10.02

அதேதான். வன்னியில் ஒரே பயிற்சியைப் பன்னிரண்டு மாதமும் செய்ய நினைப்பதே பிழை என்று எனக்குப் படுகிறது. வயலுக்கே காலபோகம், சிறுபோகம் என்று இரண்டு வைத்திருக்கிறோம். வெள்ளம் நிற்கிற வரம்பிலும் வாய்க்காலிலும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், மாரியில் எலிக்காய்ச்சல் வருகிற வழி அதுதான். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் இன்னும் கவனம்.

வவுனிக்குளத்தார்
ஒக்ரோபர் 25, காலை 5.35

நான் இப்போது விதைப்பில். இந்த முறை வயலுக்குச் சைக்கிளில்தான் போகிறேன், மோட்டார் சைக்கிள் வீட்டில். மிஸ்ஸி கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது.

பரந்தன்_சந்தி
ஒக்ரோபர் 25, காலை 7.25

விடிய மழை. கதிரை பதினைந்து, சுவர் பதினைந்து, படி இரண்டு நிமிடம், மூன்று சுற்றும் முடித்தேன். படியில் ஏறும்போது சைக்கிளைவிட இளைத்தது. மகன் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இரண்டாம் சுற்றில் தானும் வந்து சுவரில் கை வைத்தான். இப்போது மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, தெற்குப் பக்கம் வெளிக்கிறது. இன்றைக்குச் சனிக்கிழமை, வேலை இல்லை, ஆனால் சைக்கிளில் இரணைமடு மட்டும் போய்த் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வரப்போகிறேன்.